பேரூராட்சியில் பிளாஸ்டிக் பையை ஒழிக்கும் வழிமுறை: மன்ற உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு கையேடு

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. அதற்கான அரசாணை 2018 ஜூன் மாதத்திலேயே வெளியாகி, வணிகர்களுக்கு ஆறு மாத அவகாசமும் தரப்பட்டது. இருந்தும் ஒரு பேரூராட்சியின் கடைத்தெருவில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால், பூ, மீன், கோழிக்கறி, இட்லி மாவு, சாம்பார் என ஈரமான பொருள் எதுவானாலும் பெரும்பாலும் மெல்லிய கவரில்தான் வாங்குபவர் கைக்கு வருகிறது. எல்லாக் கடைகளின் மீதும் ஒரே நாளில் பாய்ந்து, இரண்டு வாரம் அபராதம் போட்டு, பிறகு வேறு வேலைக்குப் போய்விடும் முறை எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. கவரை எளிதில் விட முடியாத நான்கைந்து தொழில்களைக் கண்டறிந்து, அவற்றுக்கு மாற்றைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தடையை விட்டுக்கொடுக்காமல் நடத்துவதே பலன் தரும் என்பது இந்தக் கையேட்டின் நிலைப்பாடு.

தடையில் எது அடங்கும்

சோதனைக்குப் போகும் அலுவலருக்கே இதில் குழப்பம் இருந்தால் கடைக்காரர் முதல் கேள்வியிலேயே அவரை மடக்கிவிடுவார். வழக்கமாக எழும் கேள்வி மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பற்றியது. மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கைப்பைகளின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டது. இதைக் காட்டி, "எங்கள் பை 120 மைக்ரான், இதற்கு அனுமதி உண்டு" என்று மொத்த வியாபாரிகள் வாதிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் அந்த வாதம் செல்லாது. மாநில அரசாணை தடிமன் எதுவானாலும் பிளாஸ்டிக் கைப்பையைத் தடை செய்கிறது. அந்த அரசாணையின் நகலை அலுவலர்கள் சோதனையின்போது கையில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது குழப்பம், துணிப்பையைப் போலத் தோற்றமளிக்கும் நான்-ஓவன் பைகள். ஜவுளிக்கடைகளும் இனிப்பகங்களும் "இது துணிதான்" என்று சொல்லித் தரும் இந்தப் பைகள் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. 14 பொருள்கள் பட்டியலில் இவையும் உள்ளன. ஓரத்தில் சிறு துண்டை வெட்டித் தீயில் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்: பருத்தி எரிந்து சாம்பலாகும், நான்-ஓவன் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக இறுகும். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் காகிதத் தட்டும் கூடப் பட்டியலில் இருப்பதை டீக்கடைக்காரர்களில் பலர் அறிய மாட்டார்கள். தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், உணவு மடிக்கும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், கொடி ஆகியவையும் உண்டு. தேர்தல் காலத்திலும் கட்சி விழாக்களிலும் கொடியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, பூக்காரம்மாவின் கவரை மட்டும் பறிமுதல் செய்யும் பேரூராட்சியின் பேச்சை ஊரில் யாரும் மதிக்கப்போவதில்லை.

மக்கும் பிளாஸ்டிக் பை என்று விற்கப்படுவதை அப்படியே நம்ப வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று, தயாரிப்பாளர் பெயர், பதிவு எண் ஆகியவை பையில் அச்சாகியிருக்க வேண்டும். சான்று உண்மையானதாகவே இருந்தாலும், அந்தப் பை மக்குவதற்குத் தொழிற்சாலை உரக்கூடத்தில் ஏறக்குறைய 58 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். வாய்க்காலிலும் பேரூராட்சியின் குப்பைக் கிடங்கிலும் அந்த வெப்பம் கிடைக்காது. அங்கே அது மற்றொரு கவராகத்தான் கிடக்கும்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

தீர்மானம் போடுவதற்கு முன், ஒரு வார்டில் ஒரு நாள் சேரும் உலர் கழிவைத் தனியாகக் கொட்டி, கைப்பைகளைப் பிரித்து எடை போட வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம் கொடுத்து, அந்த வேலைக்குரிய நேரத்தையும் ஒதுக்கினால் இது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். எந்தக் கவர் எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் பேரூராட்சியில் இல்லை. இரத்தக் கறை படிந்த கறுப்புக் கவர் கறிக்கடையினுடையது. நார் ஒட்டிய பச்சைக் கவர் பூக்கடையினுடையது. முடிச்சுப் போட்ட சிறு வெள்ளைக் கவர் சாம்பாரும் சட்னியும் வந்தது. இந்தப் பிரிப்பைக் கையோடு எழுதி வைத்துக்கொண்டால், எந்தத் தொழிலை முதலில் அணுக வேண்டும் என்பதற்குத் தனியாகக் கூட்டம் போட்டு விவாதிக்கத் தேவையிருக்காது.

அதோடு, ஊருக்குள் கவரை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குபவர் யார் என்பதையும் கேட்டறிய வேண்டும். ஒரு சிறிய ஊரில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். நூறு சில்லறைக் கடைகளில் சோதனை நடத்துவதைவிட அந்தச் சிலரிடம் பேசுவது அலுவலகத்துக்குச் செலவு குறைந்த வழி. அவர்களிடமே பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலை, காகிதப் பை, துணிப்பை ஆகியவற்றை விற்கச் சொன்னால், வாடிக்கையாளரை இழக்காமல் சரக்கை மாற்றிக்கொள்ள அவர்களில் பலர் இசைவார்கள். இசையாதவர்கள்தாம் பெரிய அபராதத்துக்கு உரியவர்கள்.

ஈரப்பொருள் விற்கும் கடைகள்

மளிகைக்கடையும் துணிக்கடையும் மருந்துக்கடையும் கவரை விடுவதற்குப் பெரிய தடை ஏதுமில்லை. பொருள் உலர்ந்தது, துணிப்பையோ காகிதப் பையோ போதும். சிக்கல் முழுவதும் ஈரத்தில்தான் இருக்கிறது. எனவே அலுவலர்களின் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிட வேண்டும்.

கறிக்கடையையும் மீன்கடையையும் எடுத்துக்கொண்டால், வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரச் சொல்வதே முறையான தீர்வு. ஆனால் கடைக்காரர் அதற்குத் தயங்குவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. பாத்திரத்தோடு நிறுத்தால் எடை குறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வரும். தட்டில் நிறுத்துப் பாத்திரத்துக்கு மாற்றினால் கூட்ட நேரத்தில் ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். மின்னணுத் தராசில் வெறும் பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் எடை சுழியமாகிவிடும், அதன்மேல் கறியைப் போட்டு நிறுக்கலாம். இதை ஒவ்வொரு கடையிலும் ஒருமுறை நேரில் செய்து காட்டி, எடை காட்டும் திரை வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் பாத்திரம் கொண்டுவந்தவரைக் கடைக்காரர் சலித்துக்கொள்ளாமல் நடத்துவாரா என்பது இதைப் பொறுத்தே அமைகிறது. பாத்திரம் கொண்டுவராதவர்களுக்கு வாழையிலை, தேக்கிலை, தாமரை இலை என ஊரில் எது கிடைக்கிறதோ அதில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றித் தரலாம்; அச்சு மை கறியில் படாதிருக்க இலை உள்ளேயும் தாள் வெளியேயும் இருக்க வேண்டும். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் பனையோலைப் பெட்டி முடைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேரூராட்சியே மொத்தமாக வாங்கி மீன்சந்தையில் விற்பனைக்கு வைத்தால் இரு தரப்புக்கும் பயன்.

பூக்கடையில் வாழையிலைத் துண்டில் வைத்து வாழைநாரால் கட்டும் வழக்கம் முழுவதும் அழிந்துவிடவில்லை. இலை ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதால், காய்கறிச் சந்தைக்கு வரும் இலை வியாபாரி காலையிலேயே பூக்கடைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டால் போதும்.

இட்லி மாவு விற்கும் கடையிலும் சிற்றுண்டிக் கடையிலும் நிலைமை கடினமானது. நான்கு இட்லியோடு சாம்பார், இரண்டு வகைச் சட்னி என மூன்று கவர்கள் போகின்றன. வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கும் ஒருவர் தூக்குவாளியோடு வரமாட்டார் என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இவர்களுக்காக முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பா கொடுத்து, டப்பா திரும்பியதும் பணத்தைத் திருப்பித் தரும் முறையை ஐந்தாறு கடைகள் சேர்ந்து நடத்தலாம். எந்தக் கடையில் வாங்கிய டப்பாவையும் அவற்றில் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம் என்று வைத்தால் இது ஓடும். இது நடக்காத கற்பனையன்று. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மதுபாட்டிலுக்குச் செய்ய முடிந்ததைச் சாம்பாருக்கும் செய்யலாம். சொந்தப் பாத்திரம் கொண்டுவருபவருக்கு விலையில் சிறு தள்ளுபடியோ, ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாகவோ கொடுக்கும்படி கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். கவர் வாங்கும் செலவு மிச்சமாவதால் அவர்களுக்கு நட்டமில்லை.

பை தைத்தலும் விற்றலும்

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தால் மஞ்சள் பைக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் நாணயம் போட்டால் பை தரும் இயந்திரம் 2022இல் வைக்கப்பட்டது. ஒரு பேரூராட்சிக்கு இயந்திரம் கட்டாயமில்லை. பழுதாகி நிற்கும் இயந்திரத்தைவிடப் பேருந்து நிலையத்தில் ஒரு மேசையும், சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரும் இருப்பதே மேல். ஈரோடு, பல்லடம் பகுதிகளில் கிடைக்கும் காடாத் துணியை மொத்தமாக வாங்கிக் குழுக்களிடம் தைக்கக் கொடுக்கும்போது, கைப்பிடியை அடிவரை இறக்கித் தைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஐந்து கிலோ அரிசி போட்டதும் காது பிய்ந்துபோகும் பையை யாரும் இரண்டாம் முறை எடுத்துவர மாட்டார்கள்.

பைகளை இலவசமாக அள்ளிக் கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். விழா மேடையில் வாங்கிய இலவசப் பை வீட்டில் பரணுக்குப் போய்விடுகிறது. துணிப்பையை நெய்யவும் தைக்கவும் நீரும் ஆற்றலும் செலவாகின்றன. பல முறை பயன்பட்டால்தான் அதற்குப் பொருளுண்டு.

மன்றத்தின் கையில் இருக்கும் அதிகாரம்

பேரூராட்சிகள் பெரும்பாலும் மறந்துவிடுவது, வாரச்சந்தையும் தினசரிச் சந்தையும் கடை வளாகமும் தங்கள் சொத்து என்பதைத்தான். சந்தைக் குத்தகை ஏலம் விடும்போது, சந்தைக்குள் கவர் விற்கவோ கொடுக்கவோ குத்தகைதாரர் இடமளிக்கக் கூடாது என்பதை ஏல நிபந்தனையாகவே சேர்க்கலாம். வளாகக் கடைகளின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், தொழில் உரிமம் வழங்கும்போதும் இதே வாசகத்தைச் சேர்க்க வேண்டும். அபராதத்துக்கு அஞ்சாதவரும் குத்தகை போய்விடும் என்றால் அஞ்சுவார். இதற்கான தீர்மானத்தை ஏல அறிவிப்புக்கு முன்பே நிறைவேற்றிவிட வேண்டும். ஏலம் முடிந்த பிறகு சேர்க்கும் நிபந்தனை வழக்கில் முடியும். திருமண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழா அன்னதானத்துக்கும் தனிக் கடிதம் அனுப்பினால் போதும், வாழையிலை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அபராதமும் பறிமுதலும்

2019 ஜூன் முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் நடைமுறைக்கு வந்த அபராத அளவு, தவறு செய்பவரின் தொழிலைப் பொறுத்து மாறுகிறது. சேமித்து வைத்தல், கொண்டுசெல்லுதல், மொத்தமாக விற்றல் ஆகியவற்றுக்கு முதல்முறை 25,000 ரூபாய், இரண்டாம் முறை 50,000, மூன்றாம் முறை 1 லட்சம். பெரிய வணிக நிறுவனங்களுக்கு 10,000, 15,000, 25,000. மளிகை, மருந்துக்கடை போன்ற நடுத்தரக் கடைகளுக்கு 1,000, 2,000, 5,000. சிறு வியாபாரிகளுக்கு 100, 200, 500. இந்த ஏற்பாடு சிறியவரை நசுக்காதபடியும் பெரியவரை விடாதபடியும் அமைந்தது. நடைமுறையில் தெருவோரக் கடையில் நூறு ரூபாய் வசூலிப்பது எளிது என்பதால் அதுவே அதிகம் நடக்கிறது. செயல் அலுவலர் மாத அறிக்கையில் அபராதத் தொகையை மொத்தமாகக் காட்டாமல், இந்த நான்கு பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும்படி மன்றம் கேட்க வேண்டும். அப்போது யாரைத் தொடவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு அபராதத்துக்கும் ரசீது கட்டாயம். பறிமுதல் செய்ததைக் கடைக்காரர் முன்னிலையிலேயே எடை போட்டுப் பதிவேட்டில் எழுதி, அவர் கையொப்பம் பெற வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பறித்த கவர் மாலையில் வேறு கடையில் தொங்குகிறது என்ற பேச்சு ஊரில் கிளம்பும். கவர் கட்டுகளோடு வந்த சரக்கு ரசீதிலிருந்து அனுப்பியவரின் ஜிஎஸ்டி எண் கிடைத்தால், அதை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்ப வேண்டும். தயாரிப்புக் கூடத்தை மூடும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ளது, பேரூராட்சியிடம் இல்லை.

பறிமுதலான கவரை எரிக்கக் கூடாது. சுத்தமான மெல்லிய கவரைத் துருவித் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தலாம். சூடான ஜல்லியின் மீது தூவி உருகவிட்டு, பிறகு தார் கலக்கும் இந்த முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கினார். 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிவிசி வகைப் பொருள்களை இதில் சேர்க்கக் கூடாது. அழுக்கேறிப் பிரிக்க முடியாதவற்றைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்ப மாவட்ட நிர்வாகம் வழியாக ஏற்பாடு செய்யலாம்.

தொடர்ந்து பார்த்துக்கொள்ளுதல்

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு 2000ஆம் ஆண்டையொட்டி, சுப்ரியா சாகு மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில் தொடங்கியது. அங்கே அது இத்தனை ஆண்டுகள் தாங்கியதற்கு மலையேறும் சாலைகளில் சோதனை நிலையங்கள் இருப்பது ஒரு காரணம். சமவெளிப் பேரூராட்சிக்கு அந்த வசதி இல்லை, எல்லாப் பக்கமும் சாலைதான். ஆனால் இன்னொரு பாடம் சமவெளிக்கும் பொருந்தும்: 2019இல் அங்கே சிறிய தண்ணீர் பாட்டில்களைத் தடை செய்தபோது, குடிநீர் வழங்கும் இயந்திரங்களும் கூடவே நிறுவப்பட்டன.

முதல் கணக்கெடுப்பு நடத்திய அதே வார்டில், வாரத்தின் அதே கிழமையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டுப் பார்த்து, எண்ணை மன்றக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் வாய்க்கால் தூர்வாரும்போது எடுக்கப்படும் கவரையும் தனியே நிறுத்து வைத்தால், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இன்னொரு கணக்கு கிடைக்கும். எடை குறையாத தொழில் எதுவோ, அந்தக் கடைகளுக்கு மறுபடியும் போய், கொடுத்த மாற்று ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டு, இலையோ டப்பாவோ பையோ மாற்றிக் கொடுத்த பிறகே அடுத்த அபராத ரசீதை எழுத வேண்டும்.