தசைச்சிதைவு உள்ளவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

எனக்குத் தசைச்சிதைவு, அதாவது தசைகள் மெல்ல மெல்லப் பலமிழக்கும் நோய். ஏற்காடு ஏரியிலிருந்து லேடீஸ் சீட் என்ற காட்சிமுனை வரை நடந்துபோய்த் திரும்பினேன். மறுநாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. ஏறியதால்தான் என்று நினைத்தேன். பிசியோதெரபிஸ்ட் சிரித்துவிட்டார். "ஏத்தம் இல்லீங்க, எறக்கந்தான் வேலையக் காட்டிருக்கு."

இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. தசைச்சிதைவில் நார்கள் அதிகம் சேதமாவது அப்போதுதான். என்னுடையது இடுப்பையும் தோளையும் பாதிக்கும் வகை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

படி 1: ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள். சில வகைகள் இதயத்தையும் தொடும். நரம்பியல் மருத்துவர் சரி என்ற பிறகே மற்றதெல்லாம். சிறுவயதிலேயே தொடங்கும் டுஷென் வகை உள்ள பிள்ளைகளுக்குப் பளுப் பயிற்சியே கூடாது.

படி 2: சமதளத்தில் 10 நிமிட நடை. சேலம் வெயில் தெரிந்ததுதானே, விடிந்ததும் போய்விடுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

படி 3: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன்மேல் ஜமுக்காளத்தை நன்றாக மடித்துப் போட்டால் உயரம் கூடும், எழுவது சுலபமாகும். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, கைகளை ஊன்றி எழுந்திருங்கள். உட்காரும்போதும் கையை எடுக்காதீர்கள். தொப்பென்று விழக்கூடாது, உட்காருவதும் ஒரு இறக்கம்தானே. 5 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஜமுக்காளத்தை எடுக்க எனக்கு 4 மாதமானது. அவசரமில்லை.

படி 4: கைக்கு டம்பெல் வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்தால் கால் கிலோ. முழங்கையை மடக்கித் தூக்குங்கள். இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். ஜிம்மில் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்பார்களே, அது நமக்கு ஆகாது.

படி 5: மறுநாள் கணக்குப் பாருங்கள். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்தில் முன்னைவிடப் பலம் குறைந்தாலோ, வலி இரண்டு நாள் வரை நீடித்தாலோ, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அது தசை உடைந்து கரைவதன் அடையாளம், சிறுநீரகத்தையே பாதிக்கும்.

அப்புறம், லேடீஸ் சீட்டுக்கு மறுபடியும் போனேன். நின்று நின்று ஏறினேன். இறங்க ஆட்டோ.