படிக்குக் கீழே சப்பாத்து: ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மட்டக்களப்பிலோ ஒரு தமிழ் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் பதில். கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து போகிறவர்களுக்கு இது புதிதில்லை. அங்கேயும் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நடமாடுகிறார்கள். ஆனாலும் ஊரில் போய் இறங்கியதும் அவர்களும் தடுமாறுவதைப் பார்க்கலாம். கழற்றத் தெரியும், எந்த இடத்தில் கழற்றுவது என்பதில்தான் பிழைக்கிறது.

ரொறன்ரோ வீட்டில் கதவைத் திறந்து உள்ளே வந்து, பனி ஒட்டிய சப்பாத்தை உட்பக்கத்துக் கால்மிதியில் கழற்றி வைக்கிறோம். அந்தக் குளிருக்கு வேறு வழியில்லை. ஊரிலோ சப்பாத்து வாசலைத் தாண்டுவதே இல்லை. படலையால் நுழைந்து முற்றத்தைக் கடந்து விறாந்தைப் படி வரைக்கும் செருப்போடு போகலாம். படிக்குக் கீழே கழற்றி, வருகிறவர் தடக்குப்படாமல் ஓரமாக விட வேண்டும். விறாந்தை வெளியேதானே, கதவடியில் கழற்றினால் போதும் என்று நினைத்து அப்படியே மேலே ஏறிவிடாதீர்கள். பின்னேரத்தில் அந்த விறாந்தையில்தான் ஆச்சி காலை நீட்டிக்கொண்டு இருப்பார். முருங்கையிலை ஆயும் சுளகும் அங்கேதான், பேரப்பிள்ளை தவழ்வதும் அங்கேதான். வெளியாக இருந்தாலும் அது வீட்டின் தரை.

புதிதாகக் கட்டிய வீடுகளில் முன்னால் மோட்டார் சைக்கிள் நிற்கிற போர்ட்டிக்கோ ஒன்று இருக்கும். அதில் செருப்போடு நிற்கலாம். எது எல்லை என்று தெரியாவிட்டால் வீட்டுக்காரர்களின் செருப்புகள் கிடக்கிற இடத்தைப் பாருங்கள், அங்கேயே உங்களுடையதையும் விடுங்கள். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் மாடி வீட்டுக்குப் போனால் லிஃப்டால் இறங்கி, கதவுக்கு வெளியே, நடைவழியில் கழற்ற வேண்டியிருக்கும். களவு போய்விடுமோ என்ற யோசனை வேண்டாம். பக்கத்து வீட்டுச் செருப்பு றாக்கையும் அங்கேதான் நிற்கிறது.

இனி, எல்லாரையும் குழப்புகிற அந்த வசனம்: "பரவாயில்லைத் தம்பி, போட்டுக்கொண்டே வாங்கோ." நீங்கள் குனிந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கியதும் உள்ளிருந்து இது வரும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை, கால் கூசும், கல்லுக் குத்தும் என்ற கரிசனையில் சொல்கிறார்கள். சொல்வது உண்மையான அன்புதான், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சப்பாத்தோடு உள்ளே போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் போன பிறகு விளக்குமாறும் வாளித் தண்ணியும் வரும். "இல்லை மாமி, எனக்கு இதுதான் சுகம்" என்று சொல்லிக்கொண்டே கழற்றிவிடுங்கள். இரண்டாம் தரம் வற்புறுத்த மாட்டார்கள்.

மேஸையும், அதாவது காலுறையையும், கழற்றுங்கள் என்பது என் கட்சி. ஐரோப்பாவில் மேஸோடு வீட்டுக்குள் நடப்பது மரியாதை. ஊரில் அது வசதிப்படாது. பளபளப்பான மாபிள் தரையில் மேஸோடு நடந்தால் வழுக்கும், அதுவும் அப்போதுதான் துடைத்த தரையென்றால் சொல்லவே வேண்டாம். கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கமென்றால் செம்மண் வேறு. மேஸோடு இரண்டு தரம் படி இறங்கி ஏறினால் அந்த நிறம் பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வெறுங்காலோடு நடந்தால் காலைக் கழுவிக்கொள்ளலாம். பல வீடுகளில் முற்றத்தில் ஒரு தண்ணிக் குழாயோ வாளியோ இருக்கும். மழை நாளிலும், கோயிலால் வரும்போதும் அதில் காலைக் கழுவிவிட்டு ஏறினால் வீட்டுக்காரருக்குப் பெரிய சந்தோசம். ஈரக்காலைப் படியில் இருக்கும் சாக்கிலோ கால்துடைப்பானிலோ துடைத்த பிறகு மாபிளில் கால் வையுங்கள்.

ஆகவே பெட்டி கட்டும்போதே காலுக்கு என்ன போடுவது என்பதை யோசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஏறி இறங்குவீர்கள். லேஸ் கட்டிய உயரச் சப்பாத்தோடு வந்த பெடியன் ஒவ்வொரு படியிலும் ஒற்றைக் காலில் நின்று மல்லுக்கட்ட, உள்ளே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும். விமானத்துக்கு எதையாவது போட்டுக்கொண்டு போங்கள். ஊரில் இறங்கியதும் யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு சோடி பாட்டாச் செருப்பு வாங்கினால் விடுமுறை முழுவதற்கும் அது காணும். கலியாணம் காட்சிக்கு வார் வைத்த நல்ல செருப்பு ஒன்று, கொக்கி இல்லாததாக.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த விதியைத் தளர்த்த வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு நடந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். அதனால்தான் வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்கிறார்கள் டொக்டர்மார். வெளியே ஒரு நாளும் போடாத ஒரு சோடி மென்செருப்பைப் பையில் கொண்டுபோய், படியில் மாற்றிக்கொள்ளுங்கள். "சுகர் இருக்குப் பிள்ளை, இது வீட்டுக்குள்ளே மட்டும் போடுறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது ஊரிலும் வீட்டுச் செருப்போடு நடக்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உடனே விளங்கிக்கொள்வார்கள். முழங்கால் வருத்தக்காரர் குனிந்து அவதிப்படாமல் விறாந்தை ஓரத்துக்கு ஒரு கதிரை கேட்டு, இருந்து கழற்றலாம். ஆனால் சாமியறைக்குள் எந்தச் செருப்பும் இல்லை. அந்த வீட்டு அம்மா அடுப்படிக்குள் செருப்போடு நிற்கிறாரா என்று பாருங்கள். அவர் வெறுங்காலென்றால் நீங்களும் வெளியே கழற்றுங்கள்.

கக்கூஸ் வாசலில் ஒரு சோடி செருப்புக் கிடக்கும். அது அங்கே போவதற்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சப்பாத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிறவர்கள்கூட மறப்பது பெட்டிச் சில்லு. விமான நிலையக் கழிவறையிலும் பஸ் நிலையத்திலும் உருண்ட சில்லை அப்படியே அறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறோம். படியில் தூக்கி, ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுக் கொண்டுபோனால் நல்லது.

வீடு தவிர்ந்த இடங்கள். கலியாண மண்டபத்தில் கதிரையில் இருக்கும்போது செருப்போடு இருக்கலாம், மாப்பிள்ளை பொம்பிளையோடு படம் எடுக்க மணவறையில் ஏறும்போது கழற்ற வேண்டும். யாழ் பொது நூலகத்துக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகலாம். பள்ளிவாசலிலும் அப்படித்தான். தேவாலயத்துக்குத் தேவாலயம் வழக்கம் வேறுபடும், வாசலில் செருப்புகள் கிடக்கிறதா என்று பார்த்து நடங்கள்.

செத்தவீட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதற்காகவே அவசரமாக ரிக்கெற் போட்டுக்கொண்டு போகிறார்கள். பந்தலில் கதிரை போட்டு இருக்கிறவர்கள் செருப்போடு இருப்பார்கள். உடலைப் பார்க்க உள்ளே போகும்போது படியடியில் கழற்ற வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரே மாதிரிச் செருப்புகள் குவிந்து கிடக்கும், ஆகவே பெறுமதியானதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். திரும்பி வந்ததும், நீங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்குள் நேரே ஏறக் கூடாது. கிணற்றடிக்கோ வெளிக் குழாயடிக்கோ போய்க் குளித்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். களைப்பில் இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். மாற்றுடுப்பையும் துவாயையும் எடுத்துத் தரச் சொல்லி வீட்டாரிடம் முன்னமே சொல்லிவிட்டுப் போனால் வெளியே நின்று கூப்பிட வேண்டியிருக்காது.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். அநேகமாக ஓகஸ்டில் வருவதால் வெளிநாட்டு விடுமுறையோடு சரியாகப் பொருந்துகிறது. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைத் தடுத்துவிடுவார்கள், அதற்கு உள்ளே வெறுங்கால்தான். ஆண்கள் கோயிலுக்குள் போகச் சேட்டையும் கழற்ற வேண்டும். மத்தியானத்து மணல் காலைச் சுட்டுவிடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் காலமைப் பூசைக்கோ வெயில் தாழ்ந்தோ போகலாம். செருப்பைச் சுருட்டி வைக்க ஒரு துணிப்பை இருந்தால், விட்ட இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரவில் படியில் விட்ட செருப்பை நாய்க்குட்டி இழுத்துக்கொண்டு போவது ஊரில் சாதாரணம், விடிய வேலிக்கரையில் தேடுங்கள். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை மாரி. அந்த நேரத்தில் சப்பாத்தைப் படியில் விடாமல், வீட்டுக்காரரைக் கேட்டு உயரமான இடத்தில் வையுங்கள். காலமை போடும்போது கையை உள்ளே விடாதீர்கள். குதிப்பக்கத்தைப் பிடித்துக் கவிழ்த்து, படியில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மட்டத்தேளும் சரி, தேளும் சரி, சப்பாத்து முனையில்தான் போய்ச் சுருண்டு கிடக்கும்.