சாய்த்துப் பாருங்கள்: சேகரிப்புக் காசின் தரமும் அழகும் பார்க்கும் முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு விக்டோரியா ரூபாய் வாங்கினேன். 1862 என்று பொறித்த வெள்ளிக் காசு. (அந்த 1862-ஐ மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்பது தனிக்கதை.) அத்தனை வெள்ளை, அத்தனை பளிச். ட்யூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து மேசை விளக்கடியில் லேசாகச் சாய்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ராணியின் கன்னத்திலிருந்து எழுத்துகள் வரைக்கும், ஒரே வாக்கில், மயிரிழை போல நூற்றுக்கணக்கில் கோடுகள். யாரோ பாலிஷும் துணியுமாக உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார்கள். விற்றவரை நொந்து பயனில்லை. காசை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் விலை பேசினார். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். எந்தக் காசானாலும் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

1. விளக்கும் லென்ஸும்

ஒற்றை பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்று. பழைய குண்டு பல்பு அல்லது ஹாலஜன் கிடைத்தால் உத்தமம். எல்இடி என்றால் ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் வரும் வகையாகப் பாருங்கள். ட்யூப்லைட் வேண்டவே வேண்டாம். அது நாலாபக்கமும் வெளிச்சத்தை வாரி இறைத்து மயிரிழைக் கோடுகளை அப்படியே மூடிவிடும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள், காசுக்கு வேண்டும். ஆனால் 5 அல்லது 7 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். எல்லாரும் 10 மடங்கு வாங்கச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. அத்தனை பெரிதாக்கினால் உலகத்திலேயே நல்ல காசும் உழுத வயல் மாதிரிதான் தெரியும், பயந்துபோய் வாங்காமல் விடுவீர்கள். 10 மடங்கை வருட எண், ஆலைக்குறி (காசை அடித்த நாணய ஆலையின் அடையாளம்) பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காசை விளிம்பில் பிடிக்க வேண்டும், கீழே மெத்தென்று ஒரு துணி விரித்திருக்க வேண்டும். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

2. லென்ஸ் இல்லாமல் ஐந்து விநாடி

கை நீளத்தில் பிடித்து வெறுங்கண்ணால் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? முகத்துக்கா, கன்னத்தில் இருக்கும் வெட்டுக்கா, ஓரத்துக் கறைக்கா? அந்த முதல் பார்வையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவர் கண்ணும் அங்கேதான் போகும். சேகரிப்பாளர்கள் ‘ஐ அப்பீல்’ என்று சொல்வதில் பாதி இதுதான்.

3. சாய்த்துச் சுழற்றுவது

நான் சறுக்கிய இடம் இது. மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

உருவம் வெட்டிய எஃகு அச்சு வந்து அடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நெருக்கித் தள்ளப்படுகிறது. அப்படி நகர்ந்த தடம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாகக் காசின் மேல் தங்கிவிடும். ஆலையை விட்டு வந்த காசின் இயற்கையான பளபளப்பு, அதாவது ‘லஸ்டர்’, இந்த வரிகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது.

விளக்குக்கு ஒரு முழம் கீழே காசைப் பிடியுங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்து, சாய்த்த நிலையிலேயே மெதுவாக வட்டமாக ஆட்டுங்கள். நல்ல காசில் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒளிப்பட்டை விரிந்து, வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் சுழல்வது போல நழுவிக்கொண்டே சுற்றும். கழுத்து, முடி, எழுத்து என்று எந்த மேட்டின் மேல் ஏறினாலும் அந்தப் பட்டை அறுபடாது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

தேய்த்த காசு எப்படி இருக்கும்? வெளிச்சம் இருக்கும், ஓட்டம் இருக்காது. தட்டு மாதிரி முழுவதும் ஒரே சமயத்தில் பளிச்சென்று அடிக்கும், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஒரே சமயத்தில் செத்துவிடும். அந்தச் செத்த கோணத்தில்தான் மயிரிழைகள் எழுந்து வரும். என் ரூபாயில் அவை அப்படித்தான் வந்தன.

இன்னொரு ஏமாற்று, கம்பித் தூரிகையை மோட்டாரில் மாட்டி உரசுவது. பட்டை சுழல்வது போலவே தோன்றும். லென்ஸ் வைத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். தள்ளப்பட்ட உலோகம் அங்கே வரப்பு கட்டி நிற்கும்.

இனி இரண்டாவது சறுக்கல். முதல் அடி வாங்கியதும் கோடு என்றாலே எனக்கு நடுக்கம். அடுத்து வந்த ஓர் அருமையான காசைக் கோடு இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை காசில் விழுந்த கோடுகளே இல்லை. அச்சை மெருகேற்றும்போது அச்சில் விழுந்தவை. பிரித்தறிவது சுலபம். அச்சில் விழுந்த கீறல் காசில் மேடாக எழும்பும், எழுத்தோ உருவமோ வந்ததும் அதன் அடியில் போய் முடிந்துவிடும். துணியால் தேய்த்த கோடு பள்ளமாக இருக்கும், வெற்றிடம் (உருவமும் எழுத்தும் இல்லாத சமதளம்), எழுத்து என்று பாராமல் எல்லாவற்றின் மேலும் ஏறிப் போகும். கோட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இது எழுத்தின் மேல் ஏறுகிறதா?

4. தேய்மானமா, சரியாக அடிபடாததா?

மேடான இடங்களை லென்ஸில் பாருங்கள். முகத்தில் கன்னம், புருவம், காதுக்கு மேல் முடி. பறவை என்றால் மார்பு. விவரம் மழுங்கியிருந்தால் உடனே ‘தேய்ந்த காசு’ என்று முடிவு கட்டாதீர்கள். ஆலையிலேயே அடி பலமாக விழாமல் இருந்திருக்கலாம். நியூ ஆர்லியன்ஸ் ஆலையில் அடித்த மார்கன் டாலர்கள் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர்கள்) பலவற்றில் காதுக்கு மேல் முடி மொழுக்கென்று இருக்கும், புழங்காத காசாக இருந்தாலும் சரி. அதே டாலர் 1881-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்ததாக இருந்தால் முடி இழை இழையாக எண்ணலாம்.

இங்கேயும் விளக்குதான் தீர்ப்பு சொல்லும். ஒளிப்பட்டை அந்த மழுங்கிய மேட்டின் மேலும் ஓடினால் அடி பலவீனம். மேடு வந்ததும் பட்டை அறுந்து, அங்கே மட்டும் சாம்பல் பூத்தது போல மங்கலாகத் தெரிந்தால் தேய்மானம்.

5. காயங்கள் எங்கே இருக்கின்றன

காசுகள் மூட்டை மூட்டையாக ஒன்றோடொன்று மோதித்தான் ஆலையை விட்டு வந்தன. காயமே இல்லாத பெரிய வெள்ளிக் காசு தேடினால் கிடைக்காது. எத்தனை என்பதைவிட எங்கே என்பதைப் பாருங்கள். முடிக்கற்றைக்குள் பத்து தழும்பு ஒளிந்துகொள்ளும். கன்னத்தின் நடுவிலோ, முகத்துக்கு எதிரே உள்ள வெற்றிடத்திலோ ஒன்றே ஒன்று விழுந்தால் போதும், காசு போயிற்று.

விளிம்பை முழுச் சுற்று பாருங்கள். நகையில் கோத்த காசென்றால் பற்றவைத்த தடம் அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தையும் இதே பொறுமையோடு பாருங்கள், களைத்துப்போய் விட்டுவிடுகிறோம்.

6. நிறம்

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். மேற்பரப்பில் படியும் வெள்ளி சல்பைடு மெல்லிய படலமாக இருக்கும்வரை, எண்ணெய்ப் படலத்தில் தெரிவது போல வானவில் நிறம் காட்டும். படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர்மஞ்சள், பொன்னிறம், பிறகு செம்மை கலந்த ஊதா, பிறகு நீலம் என்று ஒரு வரிசையில் போகும். பழைய காகித உறைகளிலும் அட்டை ஆல்பங்களிலும் கந்தகம் உண்டு. ஆல்பத்தில் கிடந்த காசில் நிறம் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையமாக வருவது அதனால்தான்.

வரிசை தவறி, பக்கத்தில் மஞ்சளே இல்லாமல் திடீரென்று அடர்நீலம் அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். பூசிய நிறம் மேற்பரப்பில் மிதப்பது போலவும் இருக்கும். சாய்த்துப் பாருங்கள், இயற்கையான நிறத்தின் அடியில் அந்த ஒளிப்பட்டை ஓட வேண்டும்.

நூறு வருடக் காசு வெள்ளைவெளேர் என்று இருந்தால்? பெரும்பாலும் அமிலக் கரைசலில் முக்கி எடுத்ததாக இருக்கும். ஒருமுறை, பக்குவமாக முக்கியதைச் சந்தை பொறுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் மேல்தோல் கொஞ்சம் கரையும், அதோடு அந்த நுண்வரிகளும் கரையும், கடைசியில் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிவிடும். எனக்கு வெள்ளைக் காசைவிட லேசாகப் பழுப்பேறிய காசுதான் பிடிக்கும். அது என் ருசி.

செம்பில் கணக்கு வேறு. அடித்தபோதிருந்த சிவப்பு எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து சிவப்பு, சிவப்பு-பழுப்பு, பழுப்பு என்று பிரிப்பார்கள். மெருகேற்றிய செம்பு ரோஸ் கலந்த சிவப்பாக, கண்ணைக் குத்தும். இயற்கையான சிவப்பு அப்படி இருக்காது.

7. டப்பாவில் போட்ட எண்

காசின் தரத்தைச் சொல்லும் 1 முதல் 70 வரையான எண், வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்கப் பழைய செம்புக் காசுகளுக்காக வகுத்தது. மிக மட்டமான காசின் விலையைப் போல 70 மடங்கு பெறும் காசு 70 என்பது அன்றைய கணக்கு. விலை உறவு எப்போதோ செத்துவிட்டது, எண் மட்டும் மிஞ்சியது. 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்று காசுக்குத் தரம் போடும் அமெரிக்க நிறுவனங்கள் வந்து காசைப் பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டி இந்த எண்ணை ஒட்ட ஆரம்பித்தன. 60-உம் அதற்கு மேலும் புழங்காத காசு.

ஒரு வேடிக்கை பாருங்கள். 58 என்றால் மேட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தேய்மானம். மற்றபடி முகம் சுத்தம், பளபளப்பு நிறைவு. 60 என்றால் தேய்மானம் இல்லை, ஆனால் மூட்டையில் உருண்டு அம்மைத்தழும்பு விழுந்த முகம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முக்கால்வாசிப் பேர் 58-ஐத்தான் எடுப்பார்கள். நானும்.

டப்பாவில் எண்ணுக்குப் பதிலாக ‘டீடெயில்ஸ்’ என்று இருந்தால், தேய்த்தது, பழுதுபார்த்தது போன்ற குற்றம் உண்டு என்று பொருள். என் ரூபாயை அனுப்பினால் அதுதான் வரும்.

அசலா போலியா என்பது தனிப் பாடம். 0.01 கிராம் காட்டும் தராசு மட்டும் இன்றே வாங்கிவிடுங்கள். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், மார்கன் டாலர் 26.73 கிராம். தேய்ந்தால் கொஞ்சம் குறையும். குறிப்பிடும்படி கூடினால் கீழே வைத்துவிடுங்கள்.

8. படம் பார்த்து வாங்கினால்

நேர்மேலே விளக்கு வைத்து எடுத்த படத்தில் மயிரிழை தெரியாது. வெளிச்சம் அதிகமாக்கினால் கறை மறையும், நிறத்தைக் கூட்டினால் மங்கல் நீலம் மயில்கழுத்தாகும். அதனால் படம் கேட்பதை விட்டுவிட்டேன். ஒற்றை விளக்கடியில் காசைச் சாய்த்துச் சுழற்றும் பத்து விநாடி வீடியோ கேட்கிறேன், இரண்டு பக்கத்துக்கும். தயங்கினால் நான் விலகிவிடுவேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ‘என் காசில் பட்டை சுழலவே இல்லை, தேய்த்ததா?’ என்று கேட்டார்கள். விசாரித்தால் இரண்டும் புரூஃப் காசுகள். மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டில் தனியாக அடிப்பவை அவை. வெற்றிடம் கண்ணாடி போல இருக்கும், ஆரக்கால் வராது. அவற்றில் கண்ணாடிக்குள் மயிரிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று: பச்சையாகப் பிசுபிசுக்கும் படலம் பற்றிக் கேட்டவருக்கு. அது பெரும்பாலும் மென்மையான பிவிசி உறையிலிருந்து கசிந்தது, விட்டால் காசை அரிக்கும். வெள்ளி, தங்கக் காசென்றால் சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுத்துத் தானாக உலர விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. நகப்பூச்சு எடுக்கும் திரவத்தில் வேறு சரக்கும் கலந்திருக்கும், அது உதவாது. ஊறியதும் துணியால் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஐயா, முதல் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.