பழைய காருக்கு எல்ஈடி ஆர்பிஎம் மீற்றர், அளவு பிடிக்க வீட்டுக் கரண்ட்

பழைய சன்னி, லான்சர், டிஎக்ஸ் கொரோலா பலவற்றில் ஆர்பிஎம் மீற்றர், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீற்றர், இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்எம்2917, எல்எம்3914 என்ற ஐசி இரண்டிலும் ஒவ்வொன்று, பத்து எல்ஈடி, கொஞ்சம் சில்லறைச் சாமான் வாங்கினால் நீங்களே செய்துவிடலாம். நான் சொல்வது பொயின்ட்ஸும் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சுவிட்ச்) இக்னிஷன் கொயிலும் உள்ள, நாலு சிலிண்டர், 12 வோல்ட், நெகட்டிவ் ஏர்த் காருக்கு, அதாவது பற்றரியின் நெகட்டிவ் காரின் பொடியோடு சேர்ந்திருக்கும் காருக்கு. மொறிஸ் மைனர் மாதிரிப் பழைய இங்கிலாந்துக் கார்களில் பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடியோடு சேர்ந்திருக்கும், அதில் இதை அப்படியே பூட்டவே கூடாது.

கணக்கு இதுதான். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஸ்பார்க் அடிக்கும், ஆக 6000 ஆர்பிஎம் என்றால் செக்கனுக்கு 200 துடிப்பு. எல்எம்2917 அதை வோல்டேஜாக மாற்றும், எல்எம்3914 அந்த வோல்டேஜைப் பத்துப் படியாகப் பிரித்து எல்ஈடி எரிக்கும், ஒரு படிக்கு 600 ஆர்பிஎம்.

கவனம் முழுக்க கொயில் பக்கம் இருக்கட்டும். பொயின்ட்ஸ் திறக்கும்போது கொயிலின் மைனஸ் முனையில் சில நூறு வோல்ட் பாயும், நேரே கொடுத்தால் ஐசி போய்விடும். அதனால் 15 கிலோஓம், 18 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டையும் தொடராக, கொயிலுக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள். டாஷ்போர்டில் வைத்தால் வழியில் வயர் உரசி பொடியில் பட்ட அன்றைக்கு எஞ்சின் நடுரோட்டில் நின்றுவிடும், கொயில் பக்கம் இருந்தால் மீற்றர் மட்டும்தான் நிற்கும். மறுமுனையில் ஏர்த்துக்கு 15 வோல்ட் சீனரும் (வோல்டேஜ் அந்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் டயோட்) 0.022 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரும், பிறகு 0.1 மைக்ரோஃபரட் வழியாக 2917இன் 1ஆம் கால், அந்தக் காலிலிருந்து ஏர்த்துக்கு 10 கிலோஓம்.

எட்டுக் கால் 2917இல் 2ஆம் காலிலிருந்து ஏர்த்துக்கு 0.01 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர், மைலார் வகைதான் வாங்குங்கள், வெயிலில் நிற்கிற காருக்குள் சாதா செராமிக் அளவு மாறும். 3ஆம் காலிலிருந்து ஏர்த்துக்கு 1 மைக்ரோஃபரட், கூடவே 68 கிலோஓமும் 50 கிலோஓம் பிரிசெட்டும் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக. 4, 7 சேர்த்து 10 கிலோஓம் ஏர்த்துக்கு, அதுதான் 3914இன் 5ஆம் காலுக்குப் போகும் வெளியீடு. 5, 6 சேர்த்து 470 ஓம் வழியாக 12 வோல்ட், 8 ஏர்த்.

3914இல் 2, 4, 8 ஏர்த், 3 சப்ளை, 6உம் 7உம் சேர்த்து 1.2 கிலோஓம் ஏர்த்துக்கு. 9ஐ விட்டுவிடுங்கள், ஒரு புள்ளி மட்டும் எரியும், ஐசியும் சூடாகாது. எல்ஈடி வரிசை 1ஆம் கால், அப்புறம் 18இலிருந்து 10 வரை. இக்னிஷன் சப்ளையில் 1 அம்பியர் ஃபியூஸ், 1என்4007 டயோட், 18 வோல்ட் சீனர், 100 மைக்ரோஃபரட் கட்டாயம்.

இனி அளவு பிடிப்பது. இதற்கு வேறு மீற்றர் இரவல் வாங்கவே தேவையில்லை, நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக 1500 ஆர்பிஎம். மூடிய 12 வோல்ட் ட்ரான்ஸ்போமரின் செகண்டரியை, அதாவது 12 வோல்ட் வரும் பக்கத்தை, மட்டும் தொடுங்கள், 230 பக்கம் கை போகக்கூடாது. செகண்டரிக்குப் பிரிட்ஜ் டயோட் போட்டு, வெளியில் 1 கிலோஓம் மட்டும் வைத்தால், கப்பாசிட்டர் வேண்டாம், 100 ஹெர்ட்ஸ் வரும், அதுதான் 3000. அதைக் கொயிலுக்குப் பதிலாக அந்த 15, 18 கிலோஓம் வழியாக உள்ளே விட்டு, மீற்றருக்குப் பற்றரி கொடுத்து, 5ஆவது எல்ஈடி அப்போதுதான் பற்றும் இடத்தில் பிரிசெட்டை நிறுத்துங்கள். பிரிட்ஜை எடுத்துவிட்டு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 2ஆவது எரியவேண்டும், இல்லையென்றால் வயரிங்கைத் திரும்பப் பாருங்கள்.

காபரேட்டர் செட் பண்ண ஆசையென்றால் ஒரு சுவிட்ச் வைத்து 68க்குப் பதில் 220 கிலோஓமையும் தனிப் பிரிசெட்டையும் மாற்றிவிடுங்கள். முழு அளவு 2000 ஆகும், ஒரு படிக்கு 200, ஐட்லிங் ஏறி இறங்குவது நன்றாகத் தெரியும்.