திகில் விளையாட்டைக் கெடுக்கும் தவறுகள்

முதன்முதலாக வீடியோ கேம் உருவாக்குபவர்களில் பலர் திகிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருட்டான ஒரு வீடு, கையில் ஒரு டார்ச், எங்கோ ஒரு பேய்; இவ்வளவு போதும் என்று தோன்றுகிறது. கட்டி முடித்துக் கொடுத்தால், விளையாடுபவர் இரண்டு முறை திடுக்கிடுகிறார், மூன்றாம் முறை சிரித்துவிடுகிறார்.

திகில் படம் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டாலும் படம் தன்பாட்டுக்கு ஓடும். விளையாட்டில் அந்த வசதி கிடையாது. கதவைத் திறக்க வேண்டியவர் விளையாடுபவரே. திறக்கலாமா வேண்டாமா என்று அவர் தயங்கி நிற்கும் நேரத்தில்தான் பயம் உண்டாகிறது. இந்தத் தயக்கத்தை வளர்க்காமல், கதவுக்குப் பின்னால் இருக்கும் உருவத்துக்கே உழைப்பை எல்லாம் கொட்டுவதுதான் முதல் தவறு.

திடீரென்று பாயும் உருவத்தையும் அலறல் சத்தத்தையும் அடிக்கடி பயன்படுத்துபவர்கள் 'ரெசிடெண்ட் ஈவில்' நாய்களைக் கவனிக்க வேண்டும். 1996இல் வந்த மூல விளையாட்டில், ஒரு தாழ்வாரத்தில் நடக்கும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். 2002இல் அதை மறு உருவாக்கம் செய்தபோது, பழைய ஆட்டக்காரர்கள் அந்த இடத்துக்குத் தயாராகவே வருவார்கள் என்பது அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனத்தின் குழுவுக்குத் தெரியும். ஆகவே, முதல்முறை கடக்கும்போது கண்ணாடி விரிசல் விடும்; நாய் வராது. பிறகு வேறு வேலையாக அதே வழியில் திரும்பும்போதுதான் வரும். நாயைவிட அந்த விரிசல் அதிக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு மாளிகையின் எந்த ஜன்னலையும் யாராலும் நிம்மதியாகக் கடக்க முடியாது.

அடுத்தது, விளையாடுபவரை அடிக்கடி சாகடிப்பது. இதைத்தான் ஆகப்பெரிய தவறு என்பேன். ஏனென்றால் இது நல்ல எண்ணத்தோடு செய்யப்படுகிறது: ஆபத்து உண்மையாக இருந்தால்தானே பயம் வரும்? முதல் சாவுவரை அது சரி. ஐந்தாம் முறை அதே அறையில் அதே பேயிடம் சிக்கும்போது, அந்தப் பேய் தாண்ட வேண்டிய ஒரு தடையாகிவிடுகிறது. எத்தனை நொடியில் திரும்பும், எந்த மூலையில் ஒளியலாம் என்று கணக்குப் போடும் மனத்தில் பயத்துக்கு இடமில்லை.

ஸ்வீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட 'அம்னீசியா: த டார்க் டிசெண்ட்' இதைத் தந்திரமாகக் கையாண்டது. இருட்டில் நின்றாலும் அரக்கனைப் பார்த்தாலும் கதாநாயகன் டேனியலின் மனநிலை குலையும். அது முற்றிலும் குலைந்தால் என்ன ஆகுமோ என்று பதறி, விளக்கு எரியத் தேவையான எண்ணெயை மிச்சம்பிடித்துக்கொண்டே ஓடுவோம். உண்மையில் அதனால் சாவு வராது. டேனியல் தரையில் சரிவான், சற்றுநேரம் தவழ்வான், பிறகு எழுந்துவிடுவான்.

அதற்காகத் தோல்விக்கு விலையே இல்லாமல் செய்துவிடவும் கூடாது. பழைய 'ரெசிடெண்ட் ஈவில்' விளையாட்டுகளில் ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறிக்கு மை நாடா வேண்டும், அதுவும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். கடைசியாகச் சேமித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்ற நினைப்பு ஒவ்வொரு கதவையும் கனக்க வைத்தது. சாவைப் பற்றிய நினைப்பு அடிக்கடி வரலாம், சாவு எப்போதாவது வந்தால் போதும்.

அரக்கன் எப்படி நடமாட வேண்டும் என்பதில் இரண்டு திசைகளிலும் சறுக்குகிறார்கள். ஒரே பாதையில் ரோந்து போனால் பத்து நிமிடத்தில் அது மனப்பாடம் ஆகிவிடும். எங்கே ஒளிந்தாலும் நேராக வந்து பிடித்தால், ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வரும். 2014இல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்' இந்த வேலையை இரண்டாகப் பிரித்தது. நிரலின் ஒரு பகுதிக்கு ஆட்டக்காரர் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது ஏலியனுக்கு 'இந்தப் பக்கமாகப் போய்ப் பார்' என்று தோராயமாக மட்டுமே சொல்லும். மற்றப் பகுதி ஏலியனைத் தன் கண்ணாலும் காதாலும் தேட வைக்கும். நெருக்கடி நெடுநேரம் நீடித்தால் முதல் பகுதி ஏலியனைச் சிறிது நேரம் அப்பால் அனுப்பியும்விடும். ஆட்டக்காரர் மூச்சு விடுகிறார், மறுபடி நடுங்கத் தெம்பு கிடைக்கிறது. (இவ்வளவு நுட்பமான விளையாட்டை இத்தனை நீளமாக இழுத்திருக்க வேண்டாம். தீச்சுடர்த் துப்பாக்கி கைக்கு வந்தபின் ஏலியனோடு ஒருவித உடன்படிக்கையே ஏற்பட்டுவிடுகிறது.)

ஆயுத விஷயத்திலும் இதே கதைதான். 2013இல் வந்த 'டெட் ஸ்பேஸ் 3' எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வகைத் தோட்டா என்று ஆக்கி, எதைச் சேமிப்பது, எதைச் செலவழிப்பது என்ற கவலையை எடுத்துவிட்டது. திகிலும் கூடவே கரைந்தது. மறுபக்கம், ஆயுதமே தராமல் விட்டால் பயம் தானாக வந்துவிடும் என்று நம்பி உருவாக்கியவை ஏராளம். அவற்றில் அலமாரிக்குள் புகுந்து பேய் போகும்வரை காத்திருப்பதே முழு வேலை. ஆயுதமில்லாத திகிலுக்குப் பேர்பெற்ற ஃபிரிக்‌ஷனலே 2023இல் 'அம்னீசியா: த பங்கர்' விளையாட்டில் கைத்துப்பாக்கியைக் கொடுத்தது. தோட்டாக்கள் மிகக் குறைவு, சுட்டாலும் மிருகம் சாகாது, பின்வாங்கும் அவ்வளவுதான். டார்ச்சை எரிய வைக்கக் கையால் சுழற்ற வேண்டும், அந்தச் சத்தம் மிருகத்தை அழைத்துவரும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் தீர்ந்தால் பதுங்குகுழி முழுவதும் இருண்டுவிடும். எதைச் செய்தாலும் ஏதோ ஒன்றை இழக்கிறோம்.

இருட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஒன்றும் தெரியாத கருந்திரையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, அமைப்புகளுக்குப் போய் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வார்கள். பாதி தெரிய வேண்டும். 1999இல் வந்த 'சைலண்ட் ஹில்' விளையாட்டின் மூடுபனி, தொலைவில் இருப்பதை வரைந்துகாட்டத் திணறிய முதல் பிளேஸ்டேஷனின் குறையை மறைக்கவும் உதவியது. அந்தப் பனிக்குள் கதாநாயகன் ஹாரியின் சட்டைப்பை ரேடியோ இரையத் தொடங்கினால் ஏதோ நெருங்குகிறது என்று பொருள். எங்கிருந்து என்று ரேடியோ சொல்லாது. ஒலிக்குச் செலவிடும் நேரத்தை, பேயின் பல்லை வரைவதற்குச் செலவிடும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இடைவிடாமல் ஒலிக்கும் பயமுறுத்தும் இசையைத் தயங்காமல் வெட்டுங்கள்.

சிறிய குழுவென்றால் இடத்தையும் சுருக்குங்கள். 2014இல் வந்த 'பி.டி.' ஏறத்தாழ முழுக்க ஒரே தாழ்வாரம்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். முப்பது அறை கொண்ட மாளிகையைக் கட்டிவிட்டு நிரப்பத் தெரியாமல் விழிப்பதைவிட இது மேல்.

இன்னொன்று, உங்கள் விளையாட்டு உங்களைப் பயமுறுத்தாது. பேய் எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை அறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் பின்னால் உட்காருங்கள். அவர் கத்திய இடங்களைவிட, கதவருகே விரல் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொள்வது பயன்படும். தயக்கம் எங்குமே இல்லையென்றால், புதிய பேயைச் சேர்ப்பதற்கு முன் இருக்கிற கதவுகளை மறுபடி பாருங்கள்.