பந்திக்கு முந்திய ஒரு மணி நேரம்: செட்டிநாட்டு வீட்டு வரவேற்பில் சறுக்கும் இடங்கள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் உறவுக்காரப் பெண்ணின் வரவேற்பு. பத்திரிகையில் மாலை 6 மணி என்று போட்டிருந்தார்கள். 6 மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மொட்டை மாடியில் அந்தி வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், முந்நூறு பேர். ஒரு மூலையில் நீல நிறத்தில் ஏதோ ஒரு பானம். அதன் முன்னால் தர்ம தரிசனம் மாதிரி ஒரு வரிசை. 6.25-க்கு ஐஸ் தீர்ந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அந்தப் பானக் கவுண்டர் ஏற்பாடு என்னுடையதுதான். அதனால் கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்து பார்த்தவை.

மேல்நாட்டுக் கல்யாணங்களில் இதற்குக் காக்டெயில் ஹவர் என்று பெயர். சடங்கு முடிந்ததும் மணமக்கள் படம் எடுக்கப் போய்விடுவார்கள். விருந்து தொடங்கும்வரை வந்தவர்கள் கையில் ஒரு கிளாஸ், கொறிக்க ஏதாவது. காத்திருப்பது தெரியக்கூடாது, அவ்வளவுதான் அதன் நோக்கம். நம் ஊருக்கு இது புதிதல்ல. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் இடைப்பலகாரம் என்று ஒன்று கல்யாண வீட்டில் எப்போதும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஈவன்ட்காரர் காட்டும் படத்தைப் பார்த்து அந்த நேரத்தின் தோற்றத்தை மட்டும் வாங்கிவந்து, தாகத்தையும் காத்திருப்பையும் மறந்துவிடுகிறோம்.

மதுவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்தில் மது பரிமாற அனுமதி கிடையாது. 2023-இல் நிகழ்ச்சிகளுக்கான சிறப்பு உரிமம் என்று ஒரு விதி வந்தது; முதலில் கல்யாண மண்டபங்களும் அதில் இருந்தன; எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை எடுத்துவிட்டார்கள். பங்காளிகள் பத்துப் பேருக்குச் சொந்தமான வீட்டில் "யாருக்கும் தெரியாமல் பின்கட்டில்" என்று திட்டம் போடுவது இன்னும் மோசம். யாருக்குத் தெரியாது? காக்டெயில் என்ற சொல்லை மறந்துவிட்டு, மது இல்லாத மாக்டெயில் என்று வையுங்கள். அல்லது சர்பத் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, என் நீலப் பானத்துக்கு வருவோம். அது தோற்றது கணக்கில். ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேருக்கு 600 கிளாஸ். ஒரு கிளாஸ் 150 மில்லி என்றால் 90 லிட்டர். இதுவரை எல்லோரும் போடும் கணக்குதான். யாரும் போடாத கணக்கு, ஊற்றும் கைகளின் கணக்கு. புதினாவை நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, சிரப் ஊற்றி, மேலே ஒரு துண்டு செருகித் தர ஒன்றரை நிமிடம் ஆகிறது. அப்படியானால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் 40 கிளாஸ்தான் தர முடியும். என்னிடம் இருந்தது இரண்டு பையன்கள். மீதிப் பேர் ஏன் திண்ணையில் தண்ணீர் கேட்டார்கள் என்று இப்போது புரிகிறதா?

அதனால் ஒரே ஒரு பானத்தை மட்டும் முன்னால் நின்று கலக்கும் வேடிக்கையாக வையுங்கள். அதுவும் நம் ஊர் வேடிக்கையாக இருக்கட்டும்: நன்னாரி சிரப், எலுமிச்சை, கண்ணெதிரே 'டப்'பென்று உடைக்கும் கோலி சோடா. இளசுகளும் வெளியூர்க்காரர்களும் அங்கே நிற்பார்கள். மற்ற பானங்கள் முன்கூட்டியே கலந்து தட்டில் சுற்றி வர வேண்டும்: நீர்மோர், பானகம், நுங்குக் காலமாக இருந்தால் இளநீரில் நுங்கு நறுக்கிப் போட்டது. கார்த்திகை மழையில் கல்யாணமென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டுச் சுக்குமல்லிக் காபி போடுங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு ஐஸ் போட்ட சர்பத் குடிக்க யாருக்கும் ஆசை இருக்காது.

பதநீர் கொடுக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நல்ல யோசனைதான், ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டியது. கலயத்தில் தடவும் சுண்ணாம்புதான் அது புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது. காலையில் இறக்கியதை மாலை 6 மணிவரை வெயிலில் கேனில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாலைக் கல்யாணத்துக்கு அது சரிவராது. காலை முகூர்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

ஐஸுக்கு என் கணக்கு ஆளுக்கு அரைக் கிலோ. பங்குனி வெயிலுக்கு அதற்கும் மேல். ஆனால் எங்கே வாங்குகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். மீனுக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்துச் சாக்கில் கொண்டுவந்து சர்பத்தில் கொட்டுவது இன்றும் நடக்கிறது. குடிக்க உதவாத ஐஸில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாமல், குடிநீரில் செய்ததா என்று கேட்டு, பில் வாங்குங்கள்.

இப்போது அண்டா. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணமென்றால் பித்தளை அண்டா இல்லாமல் படம் அழகாக வராது, ஒப்புக்கொள்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளைச் சுற்றினால் ஆள் உயரத்துக்கு எல்லாம் கிடைக்கும். அதில் பானகத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ ஊற்றுவதற்கு முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஈயம் பூசியிருந்தால் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். மஞ்சளாகப் பளபளத்தால் பூச்சு இல்லை என்று பொருள். புளிப்பு பட்டால் பித்தளையிலிருந்து செம்பு பானத்தில் இறங்கும். வாயில் களிம்புச் சுவை ஊறும், வயிறு புரட்டும், வாந்தி வரும். நம் பாட்டிமார் இதைத் தெரிந்துதான் வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவரைத் தெருவில் உட்காரவைத்தார்கள். நாம் அண்டாவை மட்டும் வைத்துக்கொண்டு ஈயக்காரரை விட்டுவிட்டோம். வழி எளிது: பித்தளைக்குள் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கிவிடுங்கள். வெளியில் தெரிவது பித்தளைதான். கடைத்தெருவில் வாங்கிய, எனாமல் பூசிய பழைய மங்குச் சாமான்களும் அப்படியே. ஓரம் பெயர்ந்திருந்தால் பூ வைக்க நன்றாக இருக்கும், உணவு வைக்க வேண்டாம்.

எலுமிச்சை இன்னொரு இடத்திலும் வேலையைக் காட்டும். இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் என்பது சுட்ட ஓடு அல்ல. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்ட்டை வார்த்து, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய கல். சிமென்ட்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு, அமிலம் அதை அரிக்கும். சர்பத் சிந்தி அரை மணி நேரம் கிடந்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் போய் வெளிறிவிடும். சலவைக்கல் தரையும் இதே கதைதான். கவுண்டர் பக்கத்தில் ஈரத்துணியோடு ஓர் ஆளை நிறுத்துவதற்கு ஆகும் கூலி, வீட்டுக்காரர் அடுத்த நாள் அனுப்பும் கணக்கைவிடக் குறைவு. "அப்படியானால் முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்துவிடலாமே" என்று அலங்காரக்காரர் சொல்வார். அந்தத் தரையைப் பார்க்கத்தானே லட்சக்கணக்கில் வாடகை கொடுத்து அந்த வீட்டைப் பிடித்தீர்கள்? கவுண்டருக்குக் கீழே மட்டும் ஒரு பாய் போதும்.

சுவரில் செல்லோடேப் ஒட்டுவதையும் ஆணி அடிப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துக் குழைத்து மெருகேற்றிய பூச்சு அது. டேப்பை உரித்தால் நூறு வருஷம் அதோடு சேர்ந்து வரும். அந்தப் பூச்சை இன்று செய்யத் தெரிந்த கொத்தனார்கள் சிலர்தான்.

புகை வரும் பானம் வேண்டும் என்று கேட்கும் மணமக்கள் இப்போது அதிகம். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. அந்தப் புகை பெரும்பாலும் திரவ நைட்ரஜனிலிருந்து வருவது; அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. அது ஆவியாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். கிளாஸில் விரிந்தால் வேடிக்கை, வயிற்றுக்குள் விரிந்தால்? 2024-இல் பெங்களூரில் ஒரு கல்யாண வரவேற்பில் புகை பீடா சாப்பிட்ட 12 வயதுப் பெண் குழந்தைக்கு வயிற்றில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதே வருஷம் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையும் இதை எச்சரித்தது. புகை வேண்டுமென்றால் வளவின் நான்கு மூலையிலும் சாம்பிராணி போடுங்கள். படமும் நன்றாக வரும், வீடும் மணக்கும்.

கொறிப்பதற்கு வருவோம். இங்கே நம் ஆட்கள் கையை அடக்க மாட்டார்கள். சீயம், கந்தரப்பம், அதிரசம், தேன்குழல், மாவுருண்டை, கவுனி அரிசி என்று பதினைந்து வகை அடுக்கிவிட்டு, 7.30-க்குப் பந்தியில் இலையைத் தொடாமல் எழுந்துபோகிறவர்களைப் பார்த்துச் சமையல் மாஸ்டர் முகம் சுருங்குவார். ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு நான்கைந்து சின்னத் துண்டு, அதில் இனிப்பு ஒன்றே ஒன்று. என்னைக் கேட்டால் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் போதும். ஆனால் அது எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் வாய்க்குப் போக வேண்டும்; ஆறினால் ரப்பர். அதற்காக வளவின் நடுவில் அடுப்பைப் போட்டுவிடாதீர்கள். தேக்குத் தூணும் உத்தரமும் உள்ள வீட்டுக்குள் கேஸ் சிலிண்டரும் கொதிக்கும் எண்ணெயும் வேண்டாம். பின்கட்டில் திறந்தவெளியில் சுட்டு, கொட்டான் கூடையில் வாழை இலை போட்டுச் சுற்றுக்கு அனுப்புங்கள். பனை ஓலைக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தெர்மகோல் தட்டுக்கு என்ன இருக்கிறது? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கும் சேர்த்துத்தான்.

பால் பணியாரத்தை இந்த நேரத்துக்கு வைக்க வேண்டாம். இந்த ஊர் வெயிலில் பால் கலந்தது வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வழிய வழியக் கையில் வைத்துக்கொண்டு பேசவும் முடியாது. அப்புறம், வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் "செட்டிநாடு என்றால் சிக்கன் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கல்யாண விருந்து சைவம். சிக்கன் வேண்டுமானால் மறுநாள் அவர்களை மெஸ்ஸுக்குக் கூட்டிப் போங்கள். இன்னொன்று, கருப்பட்டி போட்டது என்று சொல்லிச் சர்க்கரைக்கார மாமாவின் கையில் மூன்றாவது டம்ளரைத் திணிக்காதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். அவருக்கு மோர் கொடுங்கள்.

கடைசியாக, நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. உயரமான வட்ட மேஜை போட்டு, நாற்காலியை எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது இங்கே எடுபடாது. நம் பெரியவர்கள் கவுண்டருக்குப் போய் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் வந்து "வாங்க, எடுத்துக்கங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தாகத்தோடே உட்கார்ந்திருந்து, சாப்பிடாமலே கிளம்பிப் போய், பத்து வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். திண்ணையிலும் பட்டாலை மேடையிலும் அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு போக வேண்டும். தட்டுக்குப் பின்னால் யூனிஃபார்ம் போட்ட பையன் மட்டும் போனால் போதாது. பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கூடவே போக வேண்டும். இரண்டு சித்தப்பாக்களை இதற்கென்றே ஒதுக்கிவைத்தால் அவர்களும் சமையல்கட்டில் போய் மாஸ்டரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பார்கள்.

மொட்டை மாடியில் நிற்கும் அந்த இரண்டு பேரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காலை முகூர்த்தத்திலிருந்து பெண் பெரும்பாலும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். எல்லாம் தீர்வதற்கு முன் இரண்டு டம்ளரும் சூடாக நாலு பணியாரமும் மேலே அனுப்ப ஓர் ஆளிடம் சொல்லிவையுங்கள். படம் எடுக்கிறவருக்கும் சேர்த்து மூன்று டம்ளர்.