குளிர்நீரில் சுழியோட: உடுப்பும் ஈயமும்

முல்லைத்தீவுக் கடலின் 28 பாகைச் சூட்டில் பழகிய எனக்கு 3 மில்லிமீற்றர் வெற்சூட்டும் (உடலோடு ஒட்டும் ரப்பர் உடுப்பு), தாழ்வதற்கு இடுப்பில் கட்டும் 4 கிலோ ஈயமும் போதும். நோர்வேயில் சித்தி வீட்டுக்குப் போனபோது, இரவல் வாங்கிய 7 மில்லிமீற்றர் உடுப்போடு அதே 4 கிலோவைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கினேன் என்பது சும்மா பேச்சு. தக்கை மாதிரி மேலேயே கிடந்தேன். குளிரைத் தடுக்கும் அதே ரப்பர்தான் ஆளை மிதக்கவும் வைக்கிறது.

முதலில் உடுப்பு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுக்கும். 20 பாகைக்குக் கீழே என்றால் 5 முதல் 7 மில்லிமீற்றர், கூடவே தலையுறை, கையுறை. 10 பாகைக்குக் கீழே ட்ரைசூட், அதாவது தண்ணீரே உள்ளே புகாத உடுப்பு. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். போட்டதும் குந்தி எழும்பிப் பாருங்கள். முதுகுப் பள்ளத்தில் தொளதொளவென்று இருந்தால், உள்ளே சூடேறிய தண்ணீர் ஒவ்வொரு அசைவிலும் வெளியே போய்ப் புதுக் குளிர் புகும்.

அடுத்தது ஈயம். 7 மில்லிமீற்றருக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். அப்புறம் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, தண்ணீரில் சோதியுங்கள். கால் எட்டாத ஆழத்தில், வாயில் ரெகுலேற்றரோடு (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), காற்றுச்சட்டையை (காற்று ஏற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேற்சட்டை) வெறுமையாக்கி, அளவான மூச்சோடு அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். சிலிண்டர் நிரம்பியிருந்தால் இன்னும் 2 கிலோ சேருங்கள். 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றே இரண்டரைக் கிலோ வரும். அது தீரத் தீர, ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்கவேண்டிய நேரம் பார்த்து உங்களை மேலே தூக்கும்.

குளத்து நன்னீரில் சோதித்த எடை கடலுக்குக் காணாது. உப்புத்தண்ணீர் கனம், ஆளும் சாமானும் 90 கிலோ என்றால் 2 கிலோ கூடத் தேவை. (எங்கள் குளங்களில் முதலை உண்டு. நீச்சல் தடாகத்திலேயே பழகுங்கள்.)

10 மீற்றரில் அழுத்தம் இரட்டிப்பாகி ரப்பர் நசுங்கும். சூடும் குறையும், மிதப்பும் குறையும். காற்றுச்சட்டைக்குள் சின்னச் சின்னதாகக் காற்று விடுங்கள், ஏறும்போது மறக்காமல் வெளியேற்றுங்கள்.

மன்னாரில் முத்துக்குளித்தவர்கள் கல்லைப் பிடித்து இறங்கி, அடியில் அதை விட்டுவிடுவார்கள். மேலே வள்ளத்தில் இருப்பவர் கயிற்றால் இழுத்துக்கொள்வார். எங்களுக்குக் கயிற்றுக்காரர் இல்லை, ஆகவே ஈயப்பட்டியின் கொளுக்கி ஒரு கையால் கழலவேண்டும். கையுறையோடே பழகிப் பாருங்கள்.

நடுக்கம் தொடங்கினால் கூடச் சுழியோடுபவருக்குச் சைகை காட்டி, அவசரப்படாமல் மேலே வாருங்கள். கரையில் காற்றுப்படாத இடமும் பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணியும் இருக்கட்டும். சித்தி எனக்குக் கொண்டுவந்தது கோப்பி, அதுவும் ஆறிப்போய்.